வெள்ளத்துக்கு அடியில் மூன்று பொறிகள்

1

போன வாரம் சிராங்கூன் ரோட்டில் தண்ணீர் நின்றது. தீபாவளித் துணி எடுக்க, மகனை வீட்டில் விட்டுவிட்டு நாங்கள் மூன்று பேரும் போயிருந்தோம். பேரம் பேசி முடித்துக் கடையை விட்டு வெளியே வருவதற்குள் மழை கொட்டித் தீர்த்திருந்தது. சாக்கடை எது, தெரு எது என்று தெரியவில்லை. பஸ் நிறுத்தமோ எதிர்ப்பக்கம். ஆழம் கணுக்கால் அளவுதான் இருக்கும். சைக்கிள்காரர்கள் தண்ணீரைக் கிழித்துக்கொண்டு போனார்கள். பூ விற்கிற பெண்கள் கூடையைத் தலையில் ஏற்றிக்கொண்டு சாதாரணமாக நடந்தார்கள்.

என் மகள் மேகலா செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு இறங்கிவிட்டாள். பெரிய வகுப்பு படிக்கிற பெண். நடுத்தெருவில் நின்று திரும்பிப் பார்த்தாள்.

"வாங்க லா அப்பா! வாட்டர்தானே, ஒண்ணும் ஆகாது."

எனக்குக் கால் எழும்பவில்லை. செருப்புக்குள் விரல்கள் தாமாகவே சுருண்டுகொண்டன. தண்ணீர் பழுப்பாக இருந்தது. அடியில் என்ன கிடக்கிறது என்று தெரியவில்லை. எனக்குப் பக்கத்தில் என் மனைவி சரசுவும் இறங்காமல் நின்றாள். நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். தண்ணீர் வடிந்து தார் தெரிகிற வரைக்கும் அங்கேயே நின்றோம். எங்களால் மூன்று பஸ்ஸைத் தவறவிட்ட கோபத்தில் மேகலா இங்கிலீஷில் ஏதோ முணுமுணுத்தாள். எங்களுக்குப் புரியக்கூடாது என்றால் அவளுக்கு இங்கிலீஷ்தான்.

ஊரிலிருந்து என் தங்கை எழுதும்போதெல்லாம் கேட்பாள், "அண்ணே, அங்க பாம்பு உண்டா, புலி உண்டா? சீனர்கள் நல்லவர்களா?" நான் ஏதாவது வேடிக்கையாக எழுதி அனுப்பிவிடுவேன். இந்தச் சீமையில் நான் எதற்குப் பயந்தேன் என்பதை இதுவரை அவளுக்கு எழுதியதில்லை. மன்னார்குடிப் பக்கம் வயல் வரப்பில் கண்ணை மூடிக்கொண்டு ஓடியவன், ஒரு தெருத் தண்ணீரைத் தாண்டப் பயப்படுகிறான் என்று எப்படி எழுதுவது?

2

இப்போது நாங்கள் துவா பாயோவில் அடுக்குமாடி வீட்டில் இருக்கிறோம். மேலே ஏறினால் தண்ணீர் பயமில்லை. அதற்கு முன் பொத்தோங் பாசிரில் குடியிருந்தோம். சிராங்கூன் ரோட்டிலிருந்து பஸ் ஏறினால் கொஞ்ச தூரம்தான். ஆனால் இறங்கியதும் வேறு உலகம். கீரைப் பாத்திகள், மீன் குளங்கள், அத்தாப்பு ஓலைக் கூரை வீடுகள், பன்றிக் கொட்டகை, நம்மவர்களின் மாட்டுத் தொழுவங்கள். பள்ளமான நிலம். பெருமழையும் கடல் ஏற்றமும் ஒரே நாளில் வந்தால் பக்கத்து ஆறு எதிர்த்து ஏறி எங்கள் வாசலுக்கு வந்துவிடும்.

எங்கள் வீட்டிலிருந்து மேட்டு ரோட்டுக்குப் போக இரண்டு வழி. ஒன்று, பள்ளத்துச் சந்து. சுற்றுவழி, எப்போதும் சேறு. மற்றது, பெரிதும் சிறிதுமான இரண்டு மீன் குளங்களுக்கு நடுவே போகிற கரை. ஓர் ஆள் தாராளமாக நடக்கலாம்; எதிரே சைக்கிள் வந்தால் ஒதுங்க வேண்டும். மேகலா பள்ளிக்கூடம் போவதும் வருவதும் அந்தக் கரை மேல்தான்.

குளங்களுக்குக் குத்தகைதாரர் ஆ கோக். கன்டோனீஸ்காரர். எங்களுக்கு அடுத்த வீடு. என்னைவிடப் பத்து வயது சின்னவர். ஆனாலும் என்னைத் "தம்பி" என்றுதான் கூப்பிடுவார். அந்தக் காலத்தில் சீனர்களுக்குத் தமிழன் என்றாலே தம்பிதான். முதலில் உறுத்தியது, பிறகு பழகிவிட்டது. எனக்கும் அவருக்கும் நடுவே உடைந்த மலாய்தான் பாலம். அவருடைய மகள் ஆ முய்க்கும் என் மகளுக்கும் ஒரே வயது. அந்தப் பிள்ளைகளுக்குப் பாலமே தேவைப்படவில்லை. ஒருநாள் சரசு சோறு பிசைந்து வாயருகே கொண்டுபோனபோது மேகலா தலையைத் திருப்பிக்கொண்டு, "ம் ஸிக்" என்றாள்.

"என்னடி சொல்ற?"

"சாப்பிட மாட்டேன்னு சொன்னேன். ஆ முய் அப்படித்தான் சொல்லும்."

சரசு கையைக் கழுவிக்கொண்டு என்னிடம் வந்தாள். "என்னங்க, எம் புள்ள எனக்கே தெரியாத பாஷையில சோறு வேணாங்குது. இன்னும் கொஞ்ச நாள்ல என்னையும் வேணாம்பா" என்றாள். நான் சிரித்துவிட்டேன். அவள் சிரிக்கவில்லை.

3

அந்த வருஷம் ஆ கோக்கின் குளத்தில் மீன் குறைந்துகொண்டே வந்தது. கரையில் பாதி தின்ற கெண்டைகள் கிடந்தன. தலை இருக்கும், உடம்பு இருக்காது. சேற்றில் விரல்களுக்கிடையே தோல் விரிந்த கால்தடம். நீர்நாய். மலாயிலும் அதற்கு "அஞ்ஜிங் ஆயர்" என்றுதான் பெயர்; நம் சொல்லை அப்படியே எடுத்து மலாயில் போட்டது போல. ஒன்று வந்தால் விரட்டலாம். அவை குடும்பமாக வந்தன. பட்டப்பகலில் வந்தன. வயிறு நிறைந்த பிறகும் விளையாட்டுக்காகக் கொன்று போட்டன.

நான் வேலை பார்த்தது சிராங்கூன் ரோட்டின் குறுக்குத் தெரு ஒன்றில், ராவுத்தர் ஒருவருடைய இரும்புக் கடையில். ஆணி, கம்பி, மண்வெட்டி, பூட்டு, எலிப்பொறி எல்லாம் உண்டு. ஆகவே ஆ கோக் என்னிடம் வந்தார்.

"தம்பி, எந்தப் பொறி நல்லது?" என்று மலாயில் கேட்டார்.

பொறி விற்கிறவன் முதலில் கேட்க வேண்டியது எந்தப் பிராணி, எந்த வழியாக வருகிறது, உயிரோடு வேண்டுமா என்பதுதான். முதலில் கம்பிக் கண்ணி கொடுத்தேன். முயலுக்கும் கீரிக்கும் அது போதும். நீர்நாயிடம் பலிக்கவில்லை. அதன் கழுத்து தலையளவு பருமன். உடம்போ எண்ணெய் பூசியது மாதிரி. சுருக்கிலிருந்து வழுக்கிக்கொண்டு போய்விட்டது. அடுத்து கூண்டு. உள்ளே மீனைத் தொங்கவிட்டு, மீன் இழுபட்டதும் கதவு விழுகிற மாதிரி. ஆ கோக் அதைக் கரையோரம் பாதி தண்ணீரில் இறக்கி வைத்தார். நீர்நாய்கள் கூண்டின் மேல் ஏறி உட்கார்ந்து, பக்கத்தில் பிடித்த மீனைத் தின்றுவிட்டுப் போயின.

"கூண்டுக்குப் பழக நாளாகும். கதவைத் திறந்தே கட்டி வை. உள்ளே போய்வரப் பழகட்டும். அப்புறம் அவிழ்த்துவிடு" என்றேன்.

"அதுக்குள்ள மீன் இருக்காது, தம்பி" என்றார். "பல்லு வெச்சது இருக்கா?"

பல்லு வைத்தது என்றால் இரும்புத் தாடைப் பொறி. நடுவே ஒரு தட்டு. மிதித்தால் இரண்டு பக்கமும் தாடை எழும்பிக் காலைக் கவ்வும். சங்கிலியோடு முளையில் கட்டி மண்ணில் புதைத்து, மேலே சருகு தூவிவிடுவார்கள். எங்கள் கடையின் பின்கட்டில் காட்டுப்பன்றிக்கு என்று தோட்டத்துக்காரர்கள் வாங்குவது ஒன்றிரண்டு கிடந்தது. அதை எடுத்து எண்ணெய் போடுகிற வேலை என்னுடையது. ஒவ்வொரு முறையும் நான் அதைத் தூரத்திலிருந்து குச்சியால் தட்டி மூடிவிட்டுத்தான் கையில் எடுப்பேன்.

ஊரில் எலிக்குக் கிட்டி வைப்போம். மூங்கில் வில், நூல், கொஞ்சம் நெல். வரப்பு நெடுக வரிசையாக நிற்கும். தப்பித் தவறி விரல் அகப்பட்டால் "ஆ" என்று ஒரு சத்தம், கூட இருப்பவர்கள் சிரிப்பு, அவ்வளவுதான். இது அந்த ஜாதி இல்லை.

"ஆ கோக், அது பன்னிக்கு. நீர்நாய்க்கு இல்லை. நீர்நாயோட காலு ஏம் மக காலவிடச் சின்னது. யோசிச்சுப் பாரு" என்றேன். தர மறுத்துவிட்டேன். ராவுத்தர் முதலாளியும் கேட்டுக்கொண்டிருந்தார். "குடியிருக்குற எடத்துல அத வெக்கப்படாதுப்பா. ஹராம்" என்று அவர் பங்குக்குச் சொன்னார்.

ஆ கோக் தலையாட்டிவிட்டுப் போனார். மறுநாள் சுங்கை ரோட்டுப் பழைய சாமான் சந்தையிலிருந்து துரு ஏறிய மூன்று தாடைப் பொறிகளைச் சாக்கில் சுமந்துகொண்டு வந்து இறக்கினார்.

4

அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் யாரும் நிம்மதியாக மூச்சுவிடவில்லை.

ஆ கோக் நல்ல மனிதர். எங்களைக் கூட்டிக்கொண்டுபோய்க் காட்டினார். அவர் வீட்டிலிருந்து பார்த்தால் கரையின் இடப்பக்கச் சரிவில், சின்னக் குளத்துத் தண்ணீரை ஒட்டி, மூன்றும் தள்ளித் தள்ளிப் புதைந்திருந்தன. ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ஒரு மூங்கில் குச்சி, அதில் சிவப்புத் துணி. "பிள்ளைகள் வலப்பக்கமா நடக்கட்டும்" என்றார். ஆ முய்யும் மேகலாவும் தலையாட்டினார்கள். வலப்பக்கம். போகும்போது வலது. வரும்போது அதே பக்கம் இடது ஆகிவிடும் இல்லையா? ஏழு வயதுப் பிள்ளைக்கு இதைச் சொல்லிக் கொடுக்கக் கையைக் காலைக் காட்டி நான் பட்ட பாடு கொஞ்சமல்ல. கடைசியில் சரசுதான், "போறப்ப பெரிய கொளத்துப் பக்கம், வர்றப்பயும் பெரிய கொளத்துப் பக்கம். சோத்துக்கை பீச்சாங்கை எல்லாம் மறந்துரு" என்று முடித்து வைத்தாள்.

அப்போது எங்களுக்கு மகன் பிறந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. பச்சை உடம்புக்காரி குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு, பள்ளிக்கூடம் விடுகிற நேரத்துக்குச் சன்னல் பக்கம் வந்து உட்கார்ந்துவிடுவாள். கரையின் மேல் மேகலாவின் தலை தெரிந்து, அது வாசலுக்கு வந்து சேரும் வரை பேசமாட்டாள். ஒருமுறை நடுவில் பிள்ளை பட்டாம்பூச்சிக்குக் குனிந்திருக்கிறாள். சரசு போட்ட கூச்சலில் தொழுவத்து மாடுகள் மிரண்டுவிட்டன.

போலீஸ் நிலையத்தில் சொல்லிவிடலாம் என்று ஒருநாள் வாசல் வரை போனேன். உள்ளே போகவில்லை. குடியுரிமைக்கு மனுப் போட்டுக் காத்திருந்த நேரம் அது. அடையாள அட்டையில் என் பெயரை ஒரு மாதிரி எழுதியிருந்தார்கள். கப்பல் காகிதத்தில் வேறு மாதிரி. குடியுரிமை அலுவலகக் கவுன்டரில் இருந்த குமாஸ்தா, யாழ்ப்பாணத்துக்காரர், "இரண்டு சாமிநாதன்ல எது நீர்?" என்று கேட்டார். அவர் தமிழ் எனக்குப் பாதி புரியவில்லை; பதற்றத்தில் "ரெண்டும் இல்லீங்க" என்று உளறிவிட்டேன். பேனாவை மூடிவைத்துவிட்டு, "அப்ப வேறொரு நாள் வாரும்" என்றார். இந்த நிலையில் போலீஸ் புத்தகத்தில் என் பெயர் மூன்றாவது மாதிரி எழுதப்பட வேண்டாம் என்று பயந்து திரும்பிவிட்டேன். நாடு விட்டு வந்தவனுக்குக் காக்கிச் சட்டையைப் பார்த்தாலே தான் ஏதோ தப்பு செய்திருப்பது போல இருக்கும்.

5

தீபாவளிக்கு ஒரு வாரம் இருந்தது. கடையில் கூட்டம். அன்று விடியும்போதே வீட்டை விட்டுக் கிளம்பியிருந்தேன். முற்பகலில் மழை பிடித்தது. நிற்கிற மழையாகத் தெரியவில்லை. மதியத்துக்கு முன்பே தெருவில் தண்ணீர் ஓடத் தொடங்கியதும் ராவுத்தர் என்னைப் பார்த்தார்.

"சாமிநாதா, ஒன் வூடு பள்ளத்துலல்ல இருக்கு? கைப்புள்ளக்காரி தனியா இருப்பா. போ, போ. கடைய நான் பாத்துக்குறேன்."

பஸ் பாதி வழியில் நின்றுவிட்டது. மீதி தூரம் ஓடினேன். மேட்டு ரோட்டில், மூடிய காப்பிக்கடை வாசலில், பள்ளிக்கூடப் பிள்ளைகள் சிலர் நனைந்துகொண்டு நின்றார்கள். அவர்களில் மேகலாவும் இருந்தாள். பள்ளிக்கூடத்தைச் சீக்கிரமே விட்டுவிட்டார்களாம். ஆ முய்யை அவளுடைய அத்தை வந்து கூட்டிப்போய்விட்டாள். என்னைக் கண்டதும் ஓடிவந்து இடுப்பைக் கட்டிக்கொண்டாள்.

கீழே பார்த்தேன். குளங்கள் இல்லை. கரை இல்லை. கீரைப் பாத்தி இல்லை. பழுப்புத் தண்ணீர் ஒரே விரிப்பாகக் கிடந்தது. அதற்கு அந்தப் பக்கம் எங்கள் கூரையும் ஆ கோக்கின் கூரையும் மட்டும். பள்ளத்துச் சந்து இருந்த இடத்தில் வெள்ளம் சுழித்துக்கொண்டு ஓடியது; ஒரு பன்றி அதில் அடித்துக்கொண்டு போனது. அங்கே இறங்க வழியே இல்லை.

மேகலாவை மேட்டில் விட்டுவிட்டுப் போகலாமா என்று நினைத்தேன். யாரிடம் விடுவது? சுற்றி நின்றவர்கள் முகம் தெரியாதவர்கள். கலவரம், ஊரடங்கு என்று கண்டு முடித்திருந்த காலம். பெண்பிள்ளையை அப்படி விட்டுவிட்டு நகர மனம் வரவில்லை. மழை விடட்டும் என்று காத்திருக்கவும் முடியாது. சாயங்காலம் கடல் ஏறும். ஏறினால் தண்ணீர் இன்னும் ஒரு முழம் எழும்பும். அங்கே ஒரு மாதத்துப் பிள்ளையோடு சரசு என்ன செய்கிறாளோ.

மேகலாவைத் தோளில் ஏற்றிக்கொண்டேன். வேலியிலிருந்து ஒரு மூங்கிலைப் பிடுங்கினேன். கரை தொடங்குகிற இடத்தில் ஒரு புளிச்சக்காய் மரம் உண்டு. அதை அடையாளம் வைத்து இறங்கினேன். தண்ணீர் முழங்காலுக்கு மேல் வந்தது. காலுக்கடியில் கரையின் கெட்டி மண் தட்டுப்பட்டது. அப்போதுதான் சிவப்புத் துணிகள் நினைவுக்கு வந்தன.

ஒரு குச்சிகூடத் தெரியவில்லை.

6

பெரிய குளத்துப் பக்கமாகவே நடக்க வேண்டும். அதுதான் பத்திரம். ஆனால் தண்ணீருக்கு அடியில் பெரிய குளம் எது, சின்னக் குளம் எது? மூங்கிலை முன்னால் குத்திப் பார்த்து, மண் கிடைத்தால் ஒரு காலை வைப்பேன். காலை முழுசாக வைக்க மாட்டேன். முதலில் பெருவிரல், பிறகு பாதம். ஒவ்வொரு முறையும் இரும்பு எழும்பும் சத்தத்தை என் காது எதிர்பார்த்தது. கடையில் எத்தனை முறை கேட்ட சத்தம்! எனக்கு அகப்பட்டால் நான் விழுவேன். நான் விழுந்தால் தோளில் இருப்பவள் குளத்தில். இரண்டு பக்கமும் ஆள் மூழ்கும் ஆழம்.

"அப்பா, ஏன் நடுங்குறீங்க?"

"குளிருதும்மா. தலைய இறுக்கிப் புடிச்சுக்க."

பாதி தூரம் வந்திருப்போம். அந்தப் பக்கத்துக் கரை முனையில் ஆ கோக் தெரிந்தார். இடுப்பளவு தண்ணீரில் நின்று இரண்டு கையையும் வீசிக்கொண்டிருந்தார். ஏதோ கத்தினார். மழை இரைச்சலில் கடைசி வார்த்தை மட்டும்தான் எனக்கு எட்டியது.

"...லாய்! ...லாய்!"

அந்த ஒரு வார்த்தை எனக்குத் தெரியும். ஆ முய்யைச் சாப்பிடக் கூப்பிடும்போதெல்லாம் "லாய், லாய்" என்பார். வா, வா. கூப்பிடுகிறார், சரசுவுக்கு என்னவோ ஆகிவிட்டது, குழந்தைக்கு என்னவோ. மூங்கிலைக் குத்திப் பார்க்கக்கூடத் தோன்றாமல் காலை நீட்டிவைத்து ஓட்டமாகப் போகப் பார்த்தேன்.

மேகலா என் முடியைப் பிடித்துப் பின்னால் இழுத்தாள்.

"அப்பா, நில்லுங்க! வராதேங்குறாரு!"

"வான்னுதானே கூப்புடுறாரு?"

"இல்லப்பா! 'ம் ஹோ லாய்'. வராதே, வராதேன்னு கத்துறாரு!"

ஒரு காலைத் தூக்கியபடியே நின்றேன். அந்தக் காலை எங்கே வைப்பது என்று தெரியாமல், பழைய இடத்திலேயே தடவித் தடவி இறக்கினேன்.

"என்னன்னு கேளு."

அவள் என் தலைக்கு மேலிருந்து கத்தினாள். எனக்கு ஒரு எழுத்தும் புரியவில்லை. என் மகளுக்கு அவ்வளவு பெரிய குரல் உண்டு என்பதே அன்றுதான் தெரியும். ஆ கோக் பதில் கத்தினார். பயத்தில் அவருக்கு மலாய் முழுக்க மறந்துபோயிருந்தது. பிறகு என் மகள் என் காதுக்கருகே குனிந்தாள்.

"காலையில நான் ஸ்கூல் போனப்புறம் ஒண்ண எடுத்து நடுவுல வெச்சாராம். நீர்நாய் அந்த வழியாத்தான் தாண்டுதாம். அம்மாகிட்டச் சொன்னாராம், இன்னைக்குப் பாப்பா சந்து வழியா வரட்டும்னு. நாம நிக்கிற எடத்துக்கு முன்னாலதான் எங்கயோ இருக்காம்ப்பா."

முன்னால் போக முடியாது. பின்னால் திரும்பலாம் என்றால், எந்த அடிகளில் வந்தேன் என்பது தண்ணீருக்குத்தான் தெரியும். மழை தண்ணீரில் குத்தி எங்கள் முகத்தில் தெறித்தது. தோளில் இருந்தவள் சத்தமில்லாமல் அழுவது அவள் வயிறு என் பிடரியில் குலுங்கியதில் தெரிந்தது.

ஆ கோக் எங்களை நோக்கி நடக்கத் தொடங்கினார். கையில் மண்வெட்டி. அதன் தகட்டால் தண்ணீருக்கடியில் ஓங்கி ஓங்கித் தட்டிக்கொண்டே வந்தார். பொறி இருந்தால் மண்வெட்டியைக் கவ்வட்டும் என்று. ஓரிடத்தில் நின்றார். அந்த இடம்தான் போலிருக்கிறது. சுற்றிலும் தட்டினார். ஒன்றும் கவ்வவில்லை. குனிந்து கையைவிட்டே துழாவினார். பிறகு நிமிர்ந்தார்.

"தம்பி," என்றார், இந்த முறை மலாயில். "கரை சரிஞ்சிருக்கு. முளையக் காணோம். பொறியக் காணோம்."

அது எங்கேயும் இருக்கலாம். அவர் காலடியில், என் காலடியில், எங்களுக்கு நடுவே இருந்த அந்தக் கொஞ்ச தூரத்தில்.

அவர் மீதி தூரத்தையும் நடந்து என்னிடம் வந்தார். மண்வெட்டியால் தட்டினார், ஆனால் தட்டிய இடத்தில் எல்லாம் காலையும் வைத்து அழுத்தினார். வெறுங்கால். என் முன்னால் வந்து முதுகைக் காட்டித் திரும்பி நின்றுகொண்டு, தன் இடுப்புத் துணியின் நுனியை எடுத்து என் கையில் கொடுத்தார்.

"புடிச்சுக்கோ. நான் கால எடுத்த எடத்துல நீ கால வை. வேற எங்கயும் வெக்காதே."

அப்படியே நடந்தோம். முதலில் அவர் கால். அது நிற்கும். ஒன்றும் நடக்காது. அவர் எடுப்பார். அந்தக் குழியில் நான் வைப்பேன். ஒவ்வொரு அடிக்கும் முன்னால் அவருடைய முதுகுத் தசை இறுகுவதைப் பார்த்தேன். வாய்க்குள் ஏதோ சொல்லிக்கொண்டே போனார். அவருடைய சாமியாக இருக்கும். நான் எந்தச் சாமியைக் கூப்பிட்டேன் என்று எனக்கு நினைவில்லை.

வாசலில் ஏறியதும் ஆ கோக் படியில் உட்கார்ந்து இரண்டு பாதங்களையும் கைகளால் மூடிக்கொண்டார். உள்ளே சரசு குழந்தையை மேசை மேல் தொட்டில் மாதிரி துணி சுற்றிக் கிடத்திவிட்டு, பக்கத்தில் நாற்காலி மேல் நின்றிருந்தாள். மேகலாவை இறக்கிவிட்டதும் சரசு முதலில் முகத்தைப் பார்க்கவில்லை. குனிந்து கால்களைத்தான் தடவிப் பார்த்தாள். ஒரு கால், பிறகு மற்றது. பிறகு என் கால்கள்.

"நீங்க கரை வழியா வருவீங்கன்னு எனக்குத் தெரியும்" என்றாள். "சன்னல்லேருந்து பாக்கவே பயந்து, கண்ண மூடிக்கிட்டு நின்னேன்."

7

தண்ணீர் வடிய நாளாயிற்று. வடிந்ததும் ஆ கோக் இரண்டு பொறிகளைக் கண்டுபிடித்தார். ஒன்று வெறுமனே மூடியிருந்தது. மிதந்துவந்த கட்டை ஏதாவது இடித்திருக்கும். மற்றதன் தாடையில் ஒரு வாத்து. மூன்றாவது கிடைக்கவில்லை. நடுவில் வைத்தது.

கரையைச் சுற்றிக் கயிறு கட்டினார். யாரும் இறங்கவில்லை. மேகலாவைப் பள்ளிக்கூடத்துக்கே அனுப்பவில்லை. ஆசிரியை ஆள் விட்டபோது காய்ச்சல் என்று சொன்னோம். தீபாவளி வந்தது, போனது. எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டும்போதுகூடச் சரசு பிள்ளையை வாசலில் இறக்கவில்லை. வீட்டுக்கு முன்னால் காய்ந்துகொண்டிருந்த சேறு முழுவதும் எங்களுக்கு ஒரே பொறியாகத் தெரிந்தது. நான் வேலைக்குப் போகும்போது குச்சியால் தட்டிக்கொண்டே போவேன். எதிர்ப்பட்டவர்கள் எனக்குக் கண் போய்விட்டது என்று நினைத்தார்கள்.

பிறகு ஒரு காலையில் ஆ கோக் எங்கள் வீட்டுக்கு வந்தார். தன் வீட்டில் பேசி முடித்துவிட்டு வந்திருக்க வேண்டும்; அவர் மனைவியின் கண்கள் வீங்கியிருந்தன.

"குளத்த வடிக்கப் போறேன், தம்பி."

"மீனு?"

"வெள்ளத்துல போனது போக மிச்சம் இன்னும் பெரிசாகல. போனாப் போகட்டும்." கையை உதறினார். "வேற வழி இல்ல. அது சேத்துக்குள்ள இருக்குற வரைக்கும் எம் பொண்ணும் தூங்க மாட்டேங்குது."

மதகைத் திறந்துவிட்டார். அந்த மீனைக் காப்பாற்றத்தான் அவர் பொறி வாங்கினார். இப்போது பொறியைத் தேட அந்த மீனையே விட்டார். அக்கம்பக்கத்தார் கூடையோடு வந்து அள்ளினார்கள். பாதிக்குப் பாதி சின்னக் குஞ்சுகள். அவர் யாரையும் தடுக்கவில்லை. தண்ணீர் கீழே போகப் போகச் சரிந்த கரையின் மண் மேடாகத் தெரிந்தது. அவர் அதன் மேல் பலகை போட்டு, பலகையில் படுத்துக்கொண்டு, மூங்கிலால் ஒவ்வொரு சாணாகத் துழாவினார். நானும் இன்னொரு பலகையில் படுத்துத் துழாவினேன்.

நான்தான் முதலில் பார்த்தேன். சங்கிலியின் ஒரு வளையம். ஆ கோக் சேற்றைக் கையால் மெதுவாக ஒதுக்கினார். பொறி மல்லாந்து கிடந்தது. தாடை இரண்டும் விரிந்து, தட்டு மேலே தூக்கி, வைத்தது வைத்தபடி. வெள்ளம் அடித்து, கரை சரிந்து, முளை பிடுங்கி, அவ்வளவு நடந்தும் அது மூடிக்கொள்ளவில்லை. கரை ஓரத்தில், ஒரு முழ ஆழத்தில், திறந்த வாயோடு இருந்தது.

மூங்கிலால் தட்டினார். மூங்கில் இரண்டாக முறிந்து தெறித்தது. அந்தச் சத்தத்துக்கு, கரை மேல் நின்ற பெண்கள் எல்லாரும் ஒரே நேரத்தில் பின்வாங்கினார்கள்.

அவர் அதைத் தூக்கிக்கொண்டு மேலே வந்து, மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். வெயில் ஏறிக்கொண்டிருந்தது. அப்போதுதான் அவை வந்தன. ஆற்றுப் பக்கத்துப் புல்லை விலக்கிக்கொண்டு நான்கைந்து நீர்நாய்கள், பெரியதும் சிறியதுமாக. வடிந்த குளத்தின் சேற்றில் துள்ளிக்கொண்டிருந்த குஞ்சுகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கித் தின்றன. தின்றுவிட்டுச் சேற்றில் சறுக்கி விளையாடின. எங்களை ஒரு பொருட்டாகவே நினைக்கவில்லை. ஆ கோக் கல்லை எடுக்கவில்லை, சத்தம் போடவில்லை. பார்த்துக்கொண்டே இருந்தார்.

ஆ முய் சிரித்துக்கொண்டே கரையிலிருந்து இறங்கி ஓடினாள். மேகலாவும் அவள் பின்னால் போகக் காலெடுத்தாள். சரசு அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"விடும்மா. எல்லாத்தையும் எடுத்தாச்சில்ல. மூணையும் எடுத்தாச்சு."

"தெரியும்" என்றாள் சரசு.

"அப்ப விடு."

நீர்நாய்கள் வயிறு நிறைந்து, வந்த வழியே புல்லுக்குள் போய் மறைந்தன. கூட்டம் கலைந்தது. ஆ கோக்கும் எழுந்து வீட்டுக்குப் போனார். வளையல் பதிந்து கை சிவந்துவிட்டது என்று மேகலா அழத் தொடங்கினாள். சரசு விடவில்லை.